விலகினால் ஓர் அடி

வியாசர்பாடி, மூன்றாவது மாடி.
பாய்மேல் கட்டம் போட்ட தாள்,
பூதத்துக்குப் பதில் பன்னீர் சோடா மூடி.

"உன் முறை வராமலே அடிக்கலாம்" என்கிறாள் தபீதா.
"எப்படி?"
"அது உன்னைவிட்டு விலகணும், முதுகு காட்டணும்.
சுற்றுக்கு ஒரே தடவை."
போன வாரம் மூன்று முறை செத்தேன்
இது தெரியாமல்.

மூடி ஒரு கட்டம் நகர்கிறது.
"இப்பவா?"
"இல்ல. இன்னும் உன் வாள் எட்டுற தூரம்தான்."
இருபது முகப் பகடை
உள்ளங்கை வேர்வையில் வழுக்குகிறது.

கீழே தண்ணி லாரி ஹாரன்.

தபீதா எழுந்தாள், இர்ஃபான் எழுந்தான்.
மந்திரவாதியின் நெருப்பு பாதியில் நிற்க
குடங்கள் படியில் இடித்துக்கொண்டு இறங்கின.
எல்லார் முதுகும் எனக்குத் தெரிந்தது.
விளங்கிவிட்டது விதி.

வாசலில் செருப்பு தேடிய இர்ஃபான்மேல் உருட்டினேன்:
பதினெட்டு.
"உனக்கு அடி விழுந்திருச்சு!"
"குடத்தை எடுத்துட்டு வாடா" என்றது மாடிப்படி.

நாலு நடை.
திரும்பி உட்கார்ந்து
ஈரக் கையால் மூடியைத் தொட்டாள் தபீதா.
மை கரைந்து
பூதம் நின்ற கட்டம் குளமாகிவிட்டது.

"நீந்தத் தெரியுமா அதுக்கு?"
"தெரியல. உருட்டு."