சலசலப்பு

பதினோரு வருடங்களாக நான்தான் குறிப்பெடுக்கிறேன்,
விஷ்னா லூகா நகராட்சியில்.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை கை உயர்ந்தது, எத்தனை மேசைமேல் கிடந்தது,
காப்பி எத்தனை மணிக்கு வந்தது என்பது வரை.

ஓடைக்கு அப்பாலிருந்து வருகிற ரோமா ஆட்கள்
பின்வரிசையில் எழுந்து பேசினால்
அதற்கென்று ஒரு சொல் வைத்திருந்தேன்,
அடைப்புக்குறிக்குள்:
(சலசலப்பு).
எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனது அது,
ஸ்டேப்ளரோடும் அலமாரிச் சாவியோடும்.

அங்கே அறுபத்திரண்டு வீடு. ஒரு குழாய்.
அதுவும் டிசம்பரில் உறைந்துவிடும்.

பிப்ரவரிக் கூட்டத்தில் ஸ்லாதிட்சா போம்போவா
நேராக என் மேசைக்கு வந்தாள்.
பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறவள்,
கையில் பிளீச் வாசனை.
"போன கூட்டத்தில் நான்கு நிமிடம் பேசினேன்.
என்ன எழுதினாய், படி."

தலைவர் மணியைத் தட்டினார்.
படித்தேன்.
அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி
அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

அவள் கத்தவில்லை.
கத்தியிருந்தால் எனக்கு எழுதச் சுலபம்.
தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்,
நான் முடிக்கும்வரை
பேனா முனையைப் பார்த்தபடி நின்றாள்.
பிறகு அந்த நான்கு நிமிடத்தையும் திரும்பப் பேசினாள்:
குழாயில் தண்ணீர் பிடிக்காதவர்கள் இடம் குறித்ததால்
குப்பை லாரி திரும்புகிற முனையில் நிற்கிறது எங்கள் குழாய்.
அடுத்த கூட்டம் அங்கேயே நடக்கட்டும்.
நின்றுகொண்டு.

ஒன்பது பேரில் ஐந்து கை.
ஐந்தாவது கை
ஜன்னலைச் சாத்தச் சொல்லத்தான் உயர்ந்தது என்று
ஒரு பேச்சு உண்டு.
ஐந்து என்றே எழுதினேன்.

மார்ச்சில் போனோம். சேறு.
துணைத்தலைவரின் ஒரு ஷூ
ஓடையோரமே தங்கிவிட்டது.
கதவொன்றைக் கழற்றி டயர்கள்மேல் போட்டு
எனக்கு மேசை செய்திருந்தார்கள்.
தாழ்ப்பாள் முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது.

பத்து நிமிட வேலை என்று நினைத்திருந்தோம்.
சண்டை வந்தது.
எங்களோடு இல்லை, அவர்களுக்குள்.
மேட்டில்தான் வேண்டும் என்கிறார் டெஸிதெர் கூனார்.
மேட்டில் வைத்தால் வழிகிற தண்ணீரெல்லாம்
எங்கள் படுக்கைக்கு என்கிறார்கள் பள்ளத்தார்.
கைக்குழந்தையைத் தோளில் போட்ட ஒரு பையன்
இரண்டு கேட்காமல்
ஏன் ஒன்றுக்கே அடித்துக்கொள்கிறீர்கள் என்கிறான்.

தலைவர் என்னைப் பார்த்தார்.
வழக்கமான பார்வை.
அந்தச் சொல் பேனா முனைவரை வந்தது.

"ஒவ்வொருவராக" என்றேன்.
"பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்."
குறிப்பெடுப்பவர் வாய் திறக்கக்கூடாது,
விதிப்புத்தகத்தில் இருக்கிறது.
அதையும் நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

இருபத்தேழு பெயர்.
விரல் மரத்தது, இருட்டியது,
யாரோ காரின் முன்விளக்கைப் போட்டார்கள்.
இரண்டு குழாய், ஒன்று பள்ளத்தில், ஒன்று பாலத்தருகே:
நாற்பத்தொன்றுக்குப் பத்தொன்பது.
டெஸிதெர் தோற்றார்.
தொப்பியை உதறிக்கொண்டு போனவர்
பாதி வழியில் திரும்பி,
அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டார்.

ஜூனில் பள்ளத்துக் குழாயைத் திறந்தார்கள்.
முதலில் இருமியது. துருவைத் துப்பியது.
பிறகு வாளிக்குள் விழ ஆரம்பித்தது.
அந்த ஓசைக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது.
என்னிடமே இருந்தது,
பதினோரு வருடமாகத் தப்பான இடத்தில்.

இரண்டாவதற்கு நிதி இல்லை என்று கடிதம் தயார்.
அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.
நாளை ஸ்லாதிட்சா வருவாள்,
நான்காக மடித்த
பதினான்காம் பக்கத்தின் நகலோடு.
மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.
உட்கார மாட்டாள், தெரியும்.