மூன்று ஒன்று இரண்டு எட்டு

ராத்திரி பதினொன்றுக்கு
ஊத்துக்குளியிலிருந்து நல்லசிவம்:
"ஏனுங் மேடம், ஊட்டுல நெட்டே வர மாட்டேங்குதுங்க.
பையன் போன்ல படம் ஓடுது,
இந்த லேப்டாப்பு மட்டும் செத்துக் கெடக்குது.
டென்மார்க்காரனுக்குக் காலைல
சாய ரிப்போர்ட் போயாகோணும்."

சாகவில்லை அது.
இன்னும் கம்பெனியைத் தேடிக்கொண்டிருக்கிறது.
திருப்பூரில், அவிநாசி ரோட்டில், மூன்றாம் மாடியில்
தூசிக்கு வேஸ்ட் பனியன் துணி போர்த்திய ஒரு பெட்டி.
வாசல் எண் மூன்று ஒன்று இரண்டு எட்டு.
எதுவானாலும் அதனிடம் சொல்,
அது போய் உலகத்திடம் கேட்டுவரும் என்று
நான்தான் பழக்கிவிட்டேன்.
ஊத்துக்குளியில் நின்றுகொண்டு
அங்கே இல்லாத கதவைத் தட்டுகிறது.

"செட்டிங்ஸ் தொறங்க. நெட்வொர்க். கீழ ப்ராக்ஸின்னு இருக்கும்."

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.
குரோம் சாது, விண்டோஸ் காட்டிய தடத்தில் போகும்.
ஃபயர்பாக்ஸுக்குத் தனி மெனு, தனி வீம்பு.
போனில் வைஃபை பெயரை அழுத்திப் பிடிக்க வேண்டும்,
கட்டிங் மாஸ்டர் தொட்டுத் தொட்டு விடுவார்,
சூடான இஸ்திரிப் பெட்டியைத் தொடுகிற மாதிரி.

பெருந்துறையில் படிக்கும்போது
ப்ராக்ஸி என்றால் குரல்.
திங்கள் ராத்திரி ஈரோட்டு ஜவுளிச் சந்தை,
தமயந்தி விடியவிடிய நைட்டி விற்றுவிட்டு
செவ்வாய் முதல் வகுப்பில் தூங்கிக்கொண்டிருப்பாள்,
ஹாஸ்டலில்.
நாற்பத்தேழு என்றதும்
மூக்கால் ஒரு 'ப்ரசன்ட் சார்' போடுவேன்.
இரண்டு வருசம் மாட்டவில்லை.
யாரும் எதையும் குறித்துவைக்கவில்லை,
அதுதான் அதிலிருந்த அழகு.

இந்தப் பெட்டி
நூற்றுப் பத்துப் பேருக்கு உள்ளேன் சொல்கிறது.
வெளியே பார்க்கிறவனுக்கு எல்லோரும் ஒரே முகம்.
உள்ளே
நொடி சுத்தமாகப் பேரேடு.

இரண்டே கால், பேக்கிங்: பாட்னா ரயில்.
ஐந்துக்குப் பத்து, அக்கவுண்ட்ஸ்: தங்கம் விலை, மறுபடி தங்கம் விலை.
ஆறு ஐந்து, சாம்பிளிங், கோகிலவாணி:
கோயமுத்தூரில் ஒரு கருத்தரிப்பு மையம்.
ஒன்பது தடவை.
பூட்டுக் குறி போட்ட தளத்தில்
எந்த வாசல் வரை போனார்கள் என்றுதான் தெரியும்,
உள்ளே என்ன படித்தார்கள் என்பது தெரியாது.
சில வாசல்கள் போதும்.
மறுநாள் லிஃப்டில் அவளைப் பார்த்து
நான் செருப்பைப் பார்த்தேன்.

"மேனுவல்னு நீலமா எரியுதுங்களா?"
"எரியுதுங்க."
"அணைச்சிருங்க."
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"அணைச்சா... கம்பெனிக்குத் தெரிஞ்சுருங்களா?"

சின்ன முதலாளி இன்று மதியம் கேட்டார்,
டீயை ஊதிக்கொண்டே, தூரலைப் பற்றிப் பேசுவது போல:
வேலை தேடும் சைட்டுக்கு எவனெவன் போறான்னு
சனிக்கிழமைக்குள்ள ஒரு லிஸ்ட் குடுங்க.
எடுத்தேன்.
நல்லசிவம், மெர்ச்சண்டைசிங், பதினொரு தடவை.
எல்லாம் சாப்பாட்டு நேரத்தில்.
அதில்கூட நாணயம்.

"வந்துருச்சுங் மேடம்! மெயில் போகுது!"
பின்னால் ஒரு பையன் சிரிக்கிறான்.
"நாளைக்கு மறுபடி போட்டுக்கோணுமுங்களா?"
"ஆபீஸ்ல போட்டுக்கோங்க. அது இல்லாம அங்க ஒண்ணும் தொறக்காது."
வைத்திருக்கலாம். வைக்கவில்லை.
"வேற ஏதாச்சும் தேடறதா இருந்தா,
ஊட்டுல, உங்க சொந்த போன்ல தேடிக்கோங்க."

மின்விசிறிச் சத்தம்.
யாரோ பால் வேணுமா என்று கேட்கிறார்கள்.
"செரிங்க," என்றார். பிறகு இன்னும் மெதுவாக,
"செரிங் மேடம்."

பதிவு எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதும்
ஒரு வரிதான். ஏழு என்று எழுதியிருக்கிறேன்.
ஒன்று என்றும் எழுதலாம்.
ஏழின் பக்கத்தில் கர்சர் துடிக்கிறது.
முந்தாநாள், ஒன்று இருபதுக்கு,
அதே சைட்டுக்கு என் பெயரும் போயிருக்கிறது.
எனக்கென்று விலக்கு எழுத
மறந்துவிட்டேன் போல.