ஒன்பது சோடி

டண்டினோங்கில் ஓகஸ்ட் மழை பெய்வதில்லை,
தொங்கிக்கொண்டு நிற்கும்.
மஞ்சள் மேலங்கி, கழுத்தில் என் படம்,
நனைந்தாலும் எழுதும் பேனை.
இந்தக் கதவுக்கு இது நான்காம் முறை.

வாசலில் ஒன்பது சோடி.
எட்டு, இரும்பு மூக்கு வைத்த வேலைச் சப்பாத்து.
ஒன்று வார் அறுந்த பாட்டா.
கதவு நாலு விரல் திறக்கிறது.
நான் தமிழென்று தெரிந்ததும்
யசோகரன் இன்னும் கொஞ்சம் பயப்படுகிறான்.

"நாலு பேர் அக்கா."

செவ்வாய் இரவு இங்கே படுத்தவர் எத்தனை,
வேறொன்றும் இல்லை என்கிறேன்.
பொய். அறுபது கேள்வி இருக்கிறது.

"படுத்ததெண்டால்...
சுகிர்தன் இரவிலை கோழிப் பக்டரி.
அவன் விடிய வர நான் எழும்புவன்.
கட்டில் ஒண்டுதான், சூடு ஆறாது."

விடியத் திரும்பினவரும் சேர்த்தி,
கையேட்டில் இருக்கிறது.
அப்ப ஐந்து?
"இல்லை அக்கா. நாலு."

பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்:
நடுச்சாமத்துக்கு முன் பிறந்த பிள்ளையை எழுது,
நடுச்சாமத்துக்கு முன் இறந்தவரை எழுதாதே.
பிறந்தவரும் இறந்தவரும் இலகு.
இருக்கிறவர்களோடுதான் பாடு.

பெயர் குடிவரவுக்குப் போகாது என்கிறேன்.
தலையாட்டுகிறான்,
இதைச் சொன்ன எல்லோருக்கும் ஆட்டிய அதே ஆட்டு.

படிவம் வராத வீட்டை இயந்திரம் நிரப்பும்.
அக்கம்பக்கம் பார்த்து ஆள் பொருத்தும்.
பக்கத்து வீட்டில் டொரீன்,
எழுபத்தெட்டு, விதவை, வீட்டுமொழி ஆங்கிலம்,
நாயைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி
என்னோடு பத்து நிமிடம் வாதாடியவள்.
அவளைப் போல் ஒருத்தி, அல்லது இரண்டு பேர்
இந்தக் கதவுக்குப் பின்னால் குடியேறுவார்கள்.
ஹீட்டரைக் கூட்டிவைப்பார்கள்.
ஆளுக்கொரு கட்டிலில் இரவு முழுக்க உறங்குவார்கள்.
இல்லாதவர்களிடம்
யாரும் விசா கேட்பதில்லை.

அட்டையைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

ஞாயிறு இரவு, தெரியாத இலக்கம்:
"அக்கா நாலெண்டது பிழை. ஏழு.
ரமணேஸ் நேற்று மில்டூராவுக்குத் தோடம்பழம் பிடுங்கப் போட்டான்.
அவனையும் போடுறதோ?"

செவ்வாய் இங்கேதானே இருந்தான், போடு என்றேன்.

ஏழு என்று பதிந்தாயிற்று.
மிச்ச இரண்டு சோடியைப் பற்றி நான் கேட்கவில்லை.
ஒன்று எட்டாம் அளவு, ஒன்று பத்து.
இரண்டும்
நாடா அவிழ்க்காமலே கழற்றியவை.