மாத்திரைக் கணக்கு

தார்த்து நகரில் பிப்ரவரி.
உறைந்த எமயோகி மேல் நடந்தே
அக்கரைக்குப் போகிறார்கள் சிலர்.
நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி
ஹெட்போனில் ஒரு மனிதரின் பேச்சை
நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

கோப்பின் பெயர் பதினேழு.
அவர் பெயர் ரிஹோ.
மரம் ஏற்றி வரும் லாரிகளைப்
பதினோரு வருடம் எடை போட்டவர்.
பெயரை நான் எழுதக் கூடாது.
எழுதியது அவர் பெயரும் அல்ல.

ஒரு படத்தைக் காட்டிப் பேசச் சொல்கிறோம்:
மீன் சந்தை, சரியும் கூடை, கீழே பூனை.
நலமானவர்கள் பெரும்பாலும்
பூனையில் தொடங்குவார்கள்.
ரிஹோ எடையில் தொடங்கினார்.

"ஏழு கிலோ. ஈரம் கழித்தால் ஆறு.
ஆறு உறைந்துவிட்டது.
உறைக்குள் கடிதம்.
கடிதம் சாத..."

ஒலி பிடித்துத் தாவல் என்று குறித்தேன்.
கணினி ஒவ்வொரு சொல்லையும்
ஒரு புள்ளியாக்கி எங்கோ தொலைவில் வைக்கும்.
கூடைக்கும் கடிதத்துக்கும்
எவ்வளவு தூரம் என்று சொல்லும்.
அது பொய் சொல்வதில்லை.

எங்கள் மொழியில் நீளம்தான் பொருள்.
சத என்றால் நூறு.
சாத என்றால் அனுப்பு.
சாஅத என்றால் பெற.
குறில், நெடில், அதற்கும் மேலே
இழுத்துப் பிடித்த இன்னொன்று.

காலையில் ஒரு மாத்திரை, இரவில் இரண்டு.
நாக்கு தடிக்கும் என்று
மருந்துச் சீட்டிலேயே இருக்கிறது.
அவர் வாயில் வந்த உயிரெழுத்தோ
இரண்டரை மாத்திரை.
கடிதத்தை அனுப்பவா, பெறவா?
தெளிவில்லை, என்று தட்டச்சு செய்தேன்.

தன் பேச்சின் எழுத்துவடிவைப் படிக்க
அவருக்கு உரிமை உண்டு.
பதினேழு பேரில் வந்து கேட்டவர் அவர் மட்டும்.
ரசீது சரிபார்ப்பவர் போல
விரலை வரிவரியாக இறக்கினார்.
முப்பத்தொன்றாம் வரியில் விரல் நின்றது.

"இது என்ன? மௌனம்,
நான்கு புள்ளி இரண்டு நொடி?"

"நீங்கள் பேசவில்லையே."

"நான் பேசவில்லை.
இன்னொருவர் பேசிக்கொண்டிருந்தார்.
முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.
நீங்களும்தான் காத்திருந்தீர்கள்."

அன்றிரவு அந்த நான்கு புள்ளி இரண்டை
எத்தனை முறை ஓட்டினேன்.
ரேடியேட்டரின் முனகல்.
மாடியில் யாரோ நாற்காலி இழுப்பது.
அப்புறம் என் மூச்சு,
வெட்கப்படும் அளவுக்குச் சத்தமாக.
வேறொன்றும் இல்லை.
வேறொன்றும் இல்லை என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மே மாதம். ஆற்றில் படகுகள்.
மருந்து மாறியிருந்தது.
தூங்குகிறேன் என்றார், ஏதோ
பெரிய இடத்தில் வேலை கிடைத்தவர் போல.
ஞாயிறுகளில் அக்கா ஈவியின் வீட்டில்
வேலிக்கு வர்ணம் அடிக்கிறாராம்.

அதே படம். அதே கூடை.
"ஏழு கிலோ இருக்கும்," என்றார்.
நிறுத்தினார்.
நான் பேனாவை அசைக்கவில்லை.
"ஈரம் கழித்தால் ஆறு.
பூனை அதைத்தான் பார்க்கிறது."

பிறகு அளந்தேன்.
நான்கு புள்ளி இரண்டு. சத்தியமாக.

ஆனால் அளப்பதற்கு முன்பே,
ஒலிப்பதிவை அணைத்துவிட்டு,
விதிமுறையில் இல்லாததைக் கேட்டிருந்தேன்:
"நடுவில் யார் பேசினார்கள்?"

"யாரும் இல்லை.
இது என்னுடையது.
ஈரம் என்ற சொல் வரவில்லை.
தேடினேன், வந்தது."

கௌபோவின் வரைபடத்தில்
பிப்ரவரியும் மேயும் ஒரே உயரத்தில்.
மாற்றமில்லை என்கிறான்.
அட்டவணையில் நான் ஒரு பத்தி சேர்த்தேன்.
தலைப்பு: யாருடையது.
"இரண்டு பேர் தனித்தனியே குறித்தால்
ஒத்தே வராது, எடுத்துவிடு," என்றான்.
நியாயம்தான்.
இன்னும் எடுக்கவில்லை.

கிளம்பும்போது கேட்காமல் இருந்திருக்கலாம்.
"அந்தக் கடிதம், ரிஹோ.
அனுப்பவா, பெறவா?"

கோட்டின் பொத்தானைத் தேடிக்கொண்டே
என்னைப் பார்த்தார்,
பொருத்தமில்லாமல் எதையோ
நான் சொல்லிவிட்டது போல.

"எந்தக் கடிதம்?" என்றார்.
அவருக்குப் பேருந்து நான்கு பத்துக்கு.