சுண்ணாம்பு ஆகாத செடி

நட்ட இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள்,
வேரடியில் நீர் தேங்க விடாதீர்கள்,
சுண்ணாம்பு மட்டும் ஆகவே ஆகாது
என்று மூன்று விரல் மடக்கி
நாற்றுப்பண்ணைக்காரர் சொன்னபோது
நைரி திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் கல்தச்சன்.
ஓமாரு ஊரே வெள்ளைச் சுண்ணக்கல்.
வங்கி, மாதாகோயில், பழைய தானியக் கிடங்கு
எல்லாம் அந்த ஒரே கல்.
மாலையில் வீடு திரும்பும்போது
என் புருவத்தில் பாதி ஊர் இருக்கும்.

இருந்தும் வாங்கினாள்.
முழங்கால் உயரம்கூட இல்லை.
தடித்த பச்சை இலை, அதன் விளிம்பில் மட்டும்
வெண்ணெய்க் கத்தியை வழித்த மாதிரி
ஒரு மஞ்சள் கோடு.
டாஃப்னி என்று பெயர்.
முன்கேட்டின் பக்கம்
காலை வெயில் மட்டும் படும் மூலையில்
பைன் ஊசிகளை மண்ணோடு பிசைந்து நட்டாள்.

இரண்டாம் மாதம் இலை வெளிறியது.
குற்றவாளியைத் தேடி அவள் வெகுதூரம் போகவில்லை.
கேட்டருகே நின்று
தினமும் சட்டையை உதறுகிறவன் யார்?
மறுநாளிலிருந்து எனக்குக் கொல்லைப்புற வழி.
பதினோரு குளிர்காலம்
ஒரு செடிக்குப் பயந்து
குப்பைத்தொட்டிக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே
ஒருக்களித்து
என் வீட்டுக்குள் நான் வந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு.
எனக்கு மணம் தெரியாது.
இருபத்தாறு வயதில் சாரத்திலிருந்து விழுந்து
பின்மண்டையில் அடி.
எலும்பு கூடியது, மூக்கு கூடவில்லை.
ரொட்டி கருகினால்
புகை கண்ணில் பட்ட பிறகுதான் எனக்குச் செய்தி.

ஜூலை எங்களுக்கு நடுக்குளிர்.
புல்நுனியில் உறைபனி நொறுங்கும் அந்த மாதத்தில்
டாஃப்னி வாய் திறக்கும்.
மொட்டுக்கு ஒயின் நிறம்,
விரிந்தால் உள்ளே வெளிர்சிவப்பு,
மெழுகில் செய்தது போல, கொத்துக்கு இருபது.
எண்ணியிருக்கிறேன்.

ஆனால் பூத்துவிட்டதென்று எனக்குச் சொல்வது
சாலைதான்.
தபால்காரர் சியாவோசி
எங்களுக்குக் கடிதம் இல்லாத நாளிலும் வண்டியை நிறுத்துவார்.
எதிர்வீட்டு மக்லாரி அம்மாள், யாரோடும் பேசாதவர்,
அவிழாத காலணி நாடாவை அவிழ்த்துக் கட்டுவார்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள்
எங்கள் வேலி தொடங்கும் இடத்தில்
வாய்ச்சண்டையை நிறுத்தி
வேலி முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள்.

போன ஆண்டு அடியிலிருந்து ஒரு கிளை
கோடே இல்லாமல் முழுப்பச்சையாய் எழுந்தது.
மற்றவற்றை விட வேகம், மற்றவற்றை விடத் தடிமன்.
விட்டால் செடி முழுக்கப் பச்சையாகிவிடும்,
வெட்டு என்றாள் நைரி.
கத்தரியோடு வெகுநேரம் குந்தியிருந்தேன்.
தன் பழைய நிறம் நினைவுக்கு வந்த கிளையை
என்ன குற்றம் சொல்லி வெட்டுவது?
வெட்டினேன்.
'சாறு நஞ்சு, கையைக் கழுவு'
சன்னலிலிருந்து குரல்.

இந்த ஆண்டு முழங்கால் மறுத்தது. வேலையை விட்டேன்.
பல நாளாகியும் கால்கள்
பழக்கத்தில் கோழிக்கூண்டுப் பக்கமே திரும்பின.
நேற்றுத்தான் நினைவு வந்து
முன்கேட்டைத் திறந்தேன்.

யாரும் பார்க்கவில்லை.
மற்றவர்கள் செய்வது போலக் குனிந்து
கண்ணை மூடி மூச்சை இழுத்தேன்.
குளிர் வந்தது.
குளிர் மட்டும்.
ஒரு பூ மேல்சட்டையின் கழுத்தில் உரசியது.

சமையலறையில்
காலையில் தொடங்கிய சண்டை பாக்கி இருந்தது,
தண்ணீர்க் கட்டணம் பற்றி.
நைரி கூமராக் கிழங்கைச் சீவியபடியே
அடுத்த வாக்கியத்துக்கு வாயெடுத்தாள்.
கத்தி நின்றது.
கிட்ட வந்தாள்.
என் கழுத்துப்பட்டையில் மூக்கை வைத்தாள்.

'முன்பக்கமாகவா வந்தாய்?'
'தெரிகிறதா?'

பதில் இல்லை. முகத்தையும் எடுக்கவில்லை.
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.
அதைப் பார்த்தது நான்தான்.