உள்பை

இடது மார்புக்கு உள்ளே ஒரு பை வேண்டும் என்றான் ஒன்னிக்.
ஆழம் ஒரு சாண்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
மார்செய் துறைமுகத்தில் அந்த வருடம்
கேள்வி கேட்காத தையற்காரிக்குத்தான் பிழைப்பு.
என் பெரிய கத்தரிக்கோலை அதற்குள் இறக்கினேன்.
நடந்து காட்டு என்றேன்.
நடந்தான்.
கோட்டு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.
வலைக்காரனிடம் பன்னிரண்டு ஈயமணிகள் வாங்கி
வலது ஓரத்து மடிப்பில் வைத்துத் தைத்தேன்.
இப்போது நேராகத் தொங்கியது.

கார்பெர்ட்டில் அவன் அப்பா பட்டு நூற்றவர்.
ஆயிரம் புழுக்கள் முசுக்கட்டை இலை தின்னும் சத்தம்
கூரைமேல் தூறல் போலிருக்கும் என்பான்.
ஊரைப் பற்றி அவ்வளவுதான் சொல்வான்.
மீதி எனக்குத் தெரியும்,
நானும் அந்தச் சாலையில் நடந்தவள்.
அந்த ஜூலையில் யூப்ரட்டீஸ் எந்த நிறத்தில் ஓடியதென்று
இங்கே எழுத மாட்டேன்.

பத்தொன்பது வயதில் மலையேறினான்.
மூன்று பேருக்கு ஒரு துப்பாக்கி.
ஒருவன் சுட, ஒருவன் தூங்க,
ஒருவன் செத்தவன் காலிலிருந்து பூட்சைக் கழற்ற.
போர் முடிந்தது.
ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை.
யாரோ அவன் கையில் ஒரு பெயரைக் கொடுத்தார்கள்.

அந்தப் பெயருக்கு ஜெனோவாவில் ஓர் உடம்பு இருந்தது.
எங்கள் மாவட்டத்தின் ஆணைகளில் கையெழுத்திட்ட உடம்பு.
எட்டு மணிக்கு ரொட்டி வாங்கும்.
வியாழக்கிழமை சவரம்.
படியேறினால் இருமும்.
இடது குதிகால் தேய்ந்த செருப்பு.
மூன்று வாரம் பின்னாலேயே நடந்தான்.

"என் அப்பா எந்தக் கையால் தேநீர் கலக்குவார் என்று
எனக்கு நினைவில்லை, யெரானுஹி.
அவன் கலக்கும் கை தெரியும்."

முதுகில் சுடுவதில்லை என்பது
அவனே தனக்கு வைத்துக்கொண்ட விதி.
அதனால் கூப்பிட்டான்.
துருக்கியில், மரியாதையாக,
பெயரோடு பே சேர்த்து.
அவர் திரும்பினார்.
முகத்தில் பயம் இல்லையாம்.
அயலூர்த் தெருவில் தன் மொழி கேட்ட மனிதனின்
சந்தோஷமாம்.

எலுமிச்சைகள் சரிவில் உருண்டன.
டிராமில் ஏறிச் சில்லறையை
எண்ணிச் சரியாகக் கொடுத்தான்.

பழி தீர்ந்தது என்றார்கள் சங்கத்தில்.
பிராந்தி ஊற்றினார்கள்.
பாதிரியார் சாளரத்தைப் பார்த்தபடி நின்றார்.
நான் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்,
ஏழு வருடத்தில் முதல்முறை.
இதையும் எழுதாவிட்டால் நான் பொய்க்காரி.

பிறகு சோப்பு ஆலை.
கொதிகலன், காரம், வெந்த விரல்நுனிகள்.
மனைவி, ஒரு மகள்.
பின்னாலிருந்து யார் பெயர் சொன்னாலும்
அவன் திரும்ப மாட்டான்.
அப்பா அப்பா என்று கூவிச் சலித்த குழந்தை
ஓடிப்போய் முன்னால் நிற்கப் பழகினாள்.
செவிடு என்று நினைத்தார்கள் ஆலையில்.

போன இலையுதிர்காலம் அந்தக் கோட்டோடு வந்தான்.
மகளுக்கு வெட்டித் தா, பையை எடுத்துவிடு என்றான்.
பிரித்தேன்.
பை இருந்த இடத்தில் துணி வெளுக்கவில்லை,
கருஞ்சதுரமாய் நின்றது.
துணியை உள்வெளியாகத் திருப்பிப் போட்டேன்.
ஈயமணிகளை அவன் உள்ளங்கையில் கொட்டினேன்.
எண்ணினான். பதினொன்று.
மறுபடி எண்ணினான்.
பிறகு கீழே போய் வலைக்காரனிடம் கொடுத்துவிட்டான்.

கோட்டு அவளுக்குக் கொஞ்சம் பெரிதுதான்.
அடுத்த குளிருக்குச் சரியாக இருக்கும் என்றேன்.