பார்வைத் தூரம்

சீனக்குடா ஓடுபாதையின் ஓரம்
வெள்ளையடித்த மரப்பெட்டி. உள்ளே
ஈரத்துணி சுற்றிய வெப்பமானி.
காலை ஐந்தரைக்கு அதைத் திறப்பவள் நான்.
பிறகு அண்ணாந்து
வானத்தை எட்டாகப் பங்கிடுவேன்.
எட்டில் இரண்டு முகில். எட்டில் ஐந்து.
ஓடுபாதையில் மாடு படுத்திருந்தால்
நஜிமுதீன் சைக்கிளில் போய் விரட்டுவார்.
அதற்குக் குறிப்பேட்டில் கட்டம் இல்லை.

தூரத்துக்குக் கருவி தரவில்லை. கண்தான்.
கண்ணுக்குக் குறிகள் உண்டு:
எண்ணெய்த் தாங்கிகள், இரண்டு கிலோமீட்டர்.
கோணேசர் மலை, எட்டரை.
கொட்டியாரக் குடா தாண்டிச்
சம்பூர்ப் பனைகள், பதின்மூன்று.
பனை தெரிந்தால் பறக்க நல்ல வானம்.
கையேடு அவ்வளவுதான் சொல்கிறது.
அந்தப் பனைகளுக்குக் கீழே
என் தங்கை யோகமலரின் வீடு இருப்பது
கையேட்டுக்குத் தெரியாது.

கறையான் அரித்த அலுமாரியில் ஒருநாள்
பழைய குறிப்பேடு ஒன்று கிடைத்தது.
ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டு, பங்குனி.
ஏரம்பமூர்த்தி என்று சாய்ந்த கையெழுத்து.
அவர் காலத்தில் வானம் பத்துப் பங்கு.
ஏழு மணி: முகில் இல்லை. கடல் அமைதி.
எட்டு மணி: பத்தில் பத்து.
முகில் வகை என்ற கட்டத்தில் ஒரே சொல்:
எண்ணெய்.
ஏழு நாள் அதே கட்டத்தில் அதே சொல்.
பக்கத்தில், கை நடுங்காமல்,
மழை: இல்லை.

தாங்கிமேல் விழுந்த விமானத்தில்
மூன்று பேர் இருந்தார்களாம்.
விடியற்புறம் நடுக்கடலில், கப்பல் தட்டில் நின்று
அவர்களுக்கும் ஒருவன் அண்ணாந்து பார்த்திருப்பான்.
தெளிவு, என்று சொல்லியிருப்பான்.
பொய் சொல்லவில்லை அவன்.

நானும் சொல்லவில்லை.
அந்தச் சித்திரையில் பனைகளை
ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.
எட்டில் பூச்சியம். தொலைபேசியில்
கொழும்புக்கு வாசித்தேன், இலக்கம் இலக்கமாக.
விமானங்கள் இங்கிருந்து கிளம்பவில்லை.
தெற்கிலிருந்து வந்தன, தலைக்கு மேலால்.
முதலில் நிழல், பின்பு சத்தம்,
பின்பு குடாவுக்கு அப்பால்
மண்நிறத்தில் எழுந்தது ஒன்று.
மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை எழுதவேண்டும்.
எழுதினேன். தென்கிழக்கே பார்வை: குறைவு.
காரணம் என்ற கட்டத்தில்
தூசி என்று போட்டேன்.
ஏரம்பமூர்த்திக்கு இருந்த துணிவு
எனக்கு இருக்கவில்லை.

யோகமலர் தப்பினாள். ஆடுகள் தப்பவில்லை.
கிளிவெட்டி முகாமில் தறப்பாளுக்குக் கீழே
அரிசி புடைத்துக்கொண்டு கேட்டாள்:
"அண்டைக்கு ஒரு துண்டு முகிலும் இல்லையே அக்கா?"
"ஓம்" என்றேன்.
அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.
தெரிந்துதான் கேட்டாளோ.
கல் பொறுக்கி எறிந்தாள்.

பிறகு ஒரு கார்த்திகை இரவு.
மூதூர்ப் பிள்ளை ஒன்றுக்குப் பாம்பு கடித்து
மருந்து கொழும்பில்; வீதியெல்லாம் வெள்ளம்.
சின்ன விமானம். மேலே வந்து சுற்றுகிறது.
முகிலின் அடி எவ்வளவு உயரம் என்று கேட்கிறான்.
மழைக்குள் ஓடிப்போய் நின்றேன்.
டோர்ச் வெளிச்சம் முகிலில் முட்டித் திரும்பியது.
அறுநூறு அடி, என்றேன். என் வாழ்நாளில்
இத்தனை பயந்து சொன்ன எண் இல்லை.
இரண்டாம் சுற்றில் சக்கரம் தரை தொட்டது.
மருந்துப்பெட்டி ஜீப்பில் போனபின்
நனைந்தபடி என் அறைக்குள் வந்தான்,
காதோரம் நரைத்தவன். விமலசூரிய என்று சட்டையில்.
முன்பு எந்த விமானம் ஓட்டினாய் என்று
நான் கேட்கவில்லை.
பிளேன்டீக்குச் சீனி எத்தனை கரண்டி என்று கேட்டேன்.
மூன்று என்றான்.
பிள்ளை பிழைத்ததா என்று
இருவருக்கும் காலைவரை தெரியாது.

இப்போது திமிங்கிலம் பார்க்க வருகிறவர்கள்
தொப்பியோடு இறங்குகிறார்கள்.
தாங்கிகளின் கூரைத் துளையால் மரம் எட்டிப் பார்க்கிறது.
இன்று ஐந்தரை. காற்று தென்மேற்கு, மெல்லியது.
எட்டில் ஒன்று. பனைகள் தெரிகின்றன,
இடையில் சில மொட்டை.
எண்ணவில்லை.
பதின்மூன்று கிலோமீட்டர் என்று எழுதி
பேனாவை மூடுகிறேன்.